சின்ன ர

என் பாட்டுகளில் பேர் வாங்கியதையெல்லாம் பொறுக்கி, 'முனிலட்சுமி சூப்பர் ஹிட்ஸ்' என்று சென்னைக் கம்பெனி ஒன்று ஆல்பம் போட்டது. ஓசூர்ப் பக்கம் என் குரல் கேட்காத திருவிழா இல்லை. இப்போதாவது இவன்களுக்குக் காது திறந்ததே என்று பெருமையாகத்தான் செல்போனில் திறந்து பார்த்தேன். ஏழாவது பாட்டின் பெயரைப் படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

'தவறுக்குப் போறேன்' என்று போட்டிருந்தான். கீழே ஒரு விளக்கம் வேறு: 'கணவனை விட்டு வழி தவறிய பெண்ணின் கண்ணீர்க் கதை.'

அது என் தங்கை சம்பங்கிக்காக நான் கட்டிய பாட்டு. எங்கள் அம்மா கன்னடக்காரி. வீட்டில் பாதி கன்னடம், பாதி தமிழ். கன்னடத்தில் தவரு என்றால் பெண் பிறந்த வீடு. வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரன் மாதேஷுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தோம். அடி தாங்காமல் "தவருக்குப் போறேன், உடுங்க" என்று அவள் கதறியதை அந்தத் தெருவே கேட்டது. உள்ளே தள்ளிப் பூட்டினார்கள். மறுநாள் கிணற்றில் கிடந்தாள். எவனோடோ ஓடப் பார்த்தாள், மாட்டிக்கொண்ட அவமானத்தில் விழுந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான் மாதேஷ். அந்த வாயை அடைக்கத்தான் பாட்டையே கட்டினேன்.

கம்பெனி ஆள் மணிகண்டனுக்குப் போன் போட்டேன்.

"எழுத்துப் பிழைன்னு நெனச்சோம் மேடம். சின்ன ரவைப் பெரிய றவா திருத்திட்டோம்."

"யாரைக் கேட்டுடா திருத்துன?"

"ஆல்பத்துலயே அதுதான் மேடம் நல்லாப் போகுது. இப்ப மாத்த முடியாது."

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இவனுக்காகவே சொன்னது. அதற்குள் மாதேஷ் அந்தப் பாட்டை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, 'அக்காளே ஒத்துக்கிட்டா' என்று எழுதிவிட்டான். என் குரலையே என் தங்கைக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்திவிட்டான் பாவி.

ஜூஜுவாடி மண்டபத்தில் ஆல்பத்துக்கு வெற்றி விழா. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளிப் பக்கத்து ஃபேக்டரிப் பெண்கள் ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு வந்திருந்தார்கள். மாதேஷும் வந்திருந்தான், சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு முதல் வரிசையில் சிரித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அடுத்து, தவறுக்குப் போறேன்!" என்றான் மணிகண்டன். அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"தவறு இல்ல, சின்ன ர போட்ட தவரு. கன்னடம் தெரிஞ்சவங்க சொல்லுங்கம்மா, தவருன்னா இன்னா?"

"அம்மா வூடு!" என்று ஃபேக்டரிப் பெண்கள் கத்தினார்கள்.

"எந்தங்கச்சி அம்மா வூட்டுக்குப் போறேன்னுதான் அழுதா. ஓடிப்போறேன்னு அழுவல. ராத்திரி அவள ரூம்ல போட்டுப் பூட்டுனான் இந்த மாதேஷ். காலைல கெணத்துல இருந்து தூக்குனோம்."

மைக்கை அணைத்தார்கள். அணைக்கட்டும். கோயில் மைதானங்களில் பழகிய தொண்டை இது. வெறும் தொண்டையில் பாடினேன். பாதிப் பாட்டில் இரண்டாம் வரிசையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து வந்து மாதேஷ் எதிரே நின்றாள்.

"ஏன்யா, வெளியப் பூட்டுன ரூம்ல இருந்தவ கெணத்துக்கு எப்பிடிய்யா போனா?"

நான் பாட்டை நிறுத்தினேன். மண்டபமே அவன் வாயைப் பார்த்தது.