பிரித்து வைத்த குழல்மீன்

அக்கா, எனக்கு வேலை போன விஷயம் அத்தான் காதுக்கு வேறு யார் மூலமாவது வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து கேள். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

மீன் காட்சியகத்தில் பவளப்பாறைத் தொட்டி என் பொறுப்பு. எங்கள் மேற்பார்வையாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பரீட்சை அட்டை. கக்கத்தில் எந்நேரமும் ஒரு அட்டை இருக்கும். போன மாதம் தன் போனுக்குச் சார்ஜ் போட, அந்த ஆள் தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாரின் ஒயரைப் பிடுங்கிவிட்டு மறந்துபோனார். இருபது மீன்குஞ்சுகள் செத்தன. அறிக்கையில் என் பெயரை எழுதிவிட்டார். போய்க் கேட்டேன். "நீ தொட்டி கழுவ வந்தவன். மீனப் பத்தி உனக்கு என்னப்பா தெரியும்?" என்றார். அன்று பற்றிய வயிற்றெரிச்சல் அணையவே இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களா என்ற பயம் வேறு.

அந்தத் தொட்டியில் ஒரு ஜோடி குழல்மீன் இருந்தது. பென்சில் கனம், சாண் நீளம், உடம்பெல்லாம் வளையம் வளையமாகக் கோடு. பாறை இடுக்கில் தலைகீழாகக்கூட நிற்கும். பல்லும் கிடையாது, இரைப்பையும் கிடையாது. உயிருள்ள பொடி இறாலை நாள் முழுக்க உறிஞ்சினால்தான் பிழைக்கும். காலையில் விளக்கைப் போட்டதும் பெண், ஆணைத் தேடி வந்து சுற்றிச் சுற்றி நலம் விசாரிக்கும். அத்தான்கூட உன்னை அப்படி விசாரித்திருக்க மாட்டார். முட்டையை வயிற்றில் ஒட்டவைத்துச் சுமப்பது ஆண்தான்.

திங்கட்கிழமை ஆணின் வயிற்றில் சிவப்பு முட்டைகள் தெரிந்தன. முட்டை சுமக்கிறதே, இதுதான் தாய் என்று பரீட்சை அட்டை முடிவு கட்டிவிட்டார். மற்றது முட்டையைத் தின்றுவிடுமாம்; அதைப் பிரித்துவிடச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா பார்வையிட வருவது எனக்குத் தெரியும்.

"சரிங்க சார்" என்றேன்.

பெண் மீனைப் பிடித்துப் பின்னறையில் வெறும் கண்ணாடித் தொட்டியில் விட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெள்ளிக்கிழமை அந்த ஆள் முகத்தில் ஈயாடக் கூடாது. என் மனதில் அது ஒன்றுதான் இருந்தது. ஒதுங்க இடுக்கு இல்லாமல் மீன் ஒரு மூலையிலேயே நின்றது. இறாலைச் சீண்டவில்லை. நாலு நாளும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை காலை செத்துக் கிடந்தது. தாய் பத்திரமாக இருக்கிறது, அப்பன்தான் போய்விட்டான் என்று பரீட்சை அட்டை அந்த அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார். அந்த அம்மா செத்த மீனைக் கீறினார். உள்ளே முட்டை.

"இதுதாங்க பொண்ணு. ஜோடியப் பிரிச்சது யாரு?"

மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். பரீட்சை அட்டையின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் என்னைக் காட்டி, பிடித்துப் போட்டது இவன்தான், இவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன், அக்கா. முடியவில்லை.

"எனக்குத் திங்கக்கிழமையே தெரியும் சார். நீங்க அசிங்கப்படணும்னுதான் சொல்லல."

சார்ஜர் கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன். தெரிந்தே சாக விட்டாயா என்று அந்த அம்மா கேட்டபோது, பின்னறைத் தொட்டியைக் கழுவப் போய்விட்டேன். சாயங்காலம் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுவேன். அந்த ஆளால் வேலை போனது என்று அம்மாவிடம் சொல்லாதே; நானாகப் போக்கிக்கொண்டது. அந்த ஆளுக்கும் போனது என்பதை மட்டும் மறக்காமல் சொல்.