தண்டல் பெட்டி

நெற்குப்பை உடையப்பன் செட்டியாரின் தோணியில் அதிகாரிகள் இரண்டு முறை ஏறிச் சோதனை போட்டார்கள். இரண்டு முறையும் செட்டியார் கரையில்தான் இருந்தார். முதல் முறை அவர் அதைப் பார்க்கவில்லை. தோணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கெட்டதெல்லாம் அதில்தான் கெட்டது.

அறுபத்தாறாம் வருஷம், ஆனி மாதம். தொண்டிக்குத் தெற்கே ஒரு சின்னத் துறை. தூத்துக்குடியிலிருந்து உப்பும் கருப்பட்டியும் ஏற்றி வந்த தோணி நங்கூரம் போட்டுக் கிடந்தது. அதற்கு விசாலாட்சி என்று பேர். செட்டியாரைப் பெற்ற ஆத்தாளின் பேர் அது. தகப்பனாரான அப்பச்சி காலத்தில் ஐந்து தோணிகள் ஓடின. மிஞ்சியது இது ஒன்றுதான். அதனால் பெரிய லாபம் ஒன்றுமில்லை. கடலில் நமக்கு இன்னும் ஒரு தோணி ஓடுகிறது என்று நாலு பேர் கூடிய இடத்தில் சொல்லிக்கொள்ளலாம், அதற்காகவே வைத்திருந்தார். தோணி வரும் நாளில் பிளஷர் காரில் போய்க் கரையில் நிற்பதும் அதற்காகத்தான்.

அன்று அவர் போனபோது சுங்க இன்ஸ்பெக்டர் ஒருவர் நாலு ஆட்களோடு நின்றார். பெரிய வீட்டு மனிதர் என்று தெரிந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பா நினைக்கக் கூடாது செட்டியாரே. தோணியைச் சோதனை போடணும். மேலிடத்து உத்தரவு."

செட்டியாருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. ஆத்தாள் பேரிட்ட தோணி. அதில் காக்கிக் கால்சட்டைகள் ஏறி மூட்டை மூட்டையாகக் குடையப் போகின்றன. சுற்றிலும் பார்த்தார். சரக்கு ஏற்றிப் போகக் காரைக்குடிச் செக்காலையிலிருந்து வந்திருந்த கமிஷன் கடைக்காரர்கள் லாரிகளுக்குப் பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

தோணியை ஓட்டி வந்த தண்டல் கோட்டைச்சாமி அப்போதுதான் வள்ளத்தில் கரையேறியிருந்தான். தன் மரப்பெட்டியை மணலில் இறக்கி வைத்துவிட்டுச் செட்டியாரிடம் வந்தான். பதினாறு வயதிலிருந்து கடலில் கிடப்பவன். எத்தனையோ துறைகளில் எத்தனையோ சோதனைகளைப் பார்த்தவன்.

"மொதலாளி," என்றான் மெதுவாக, "சோதனை போடட்டும். வேண்டாங்கல. ஆனா சாட்சி ரெண்டு பேரக் கூப்பிடச் சொல்லுங்க. அந்தா கமிஷன் கடைக்காரவுக நிக்கிறாக. அவுக முன்னாடி தேடட்டும். நானும் கூட ஏறி நிக்கிறேன். முடிஞ்சதும், எது எங்க கிடைச்சுச்சுன்னு எழுதுற மகஜரை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, நகல் ஒண்ணு வாங்கிக்கங்க. அது நமக்கு உள்ள பாத்தியதை. கேட்டா மாட்டோம்னு சொல்ல முடியாது."

"செக்காலைக்காரன் முன்னாடியா?" என்றார் செட்டியார். "இன்னைக்கு அவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டா, நாளைக்குக் கடைக்குக் கடை உடையப்பன் தோணியைச் சோதனை போட்டாகன்னு பேச்சாயிரும். என்ன, நம்ம களவாணிக் கூட்டமா?"

"களவாணிதான் சாட்சி வேணாம்பான் மொதலாளி. நம்ம எதுக்கு வேணாங்கணும்?"

"எனக்குச் சட்டம் சொல்ல வந்துட்டியா? போயி அங்குட்டு உக்காரு."

கோட்டைச்சாமி போனான். பத்தடி தள்ளித் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்தான். செட்டியார் இன்ஸ்பெக்டரைப் பார்த்துக் கையை வீசினார்.

"தேடிக்கங்க. சாட்சியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்க வீட்டுப் பேரே சாட்சி."

அலுவலகக் கொட்டகையில் நாற்காலி போட்டார்கள். செட்டியார் அதைத் திருப்பிப் போடச் சொல்லி, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். தம்முடையதைப் பிறர் கிளறும்போது நின்று பார்ப்பது காவல்காரன் வேலை என்பது அவர் எண்ணம். சோடா வந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது கோட்டைச்சாமியும் அவன் பெட்டியும்தான். பித்தளைக் குமிழ் அடித்த கறுத்த பெட்டி. அவன் அதைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒரு பீடி பற்றவைத்தான், அணைத்தான், மறுபடி பற்றவைத்தான்.

இன்ஸ்பெக்டர் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"சின்னதா ஒண்ணு கிடைச்சிருக்கு. உங்க பேருக்கு ஒரு குறையும் வராம நான் பாத்துக்கறேன். எழுத நேரமாகும். நீங்க காத்திருக்க வேண்டாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும்."

நீட்டிய தாளில் எழுத்தே இல்லை. அடியில் ஒரு கோடு மட்டும் இருந்தது. என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று கேட்க ஒரு கணம் செட்டியாருக்கு வாய் வந்தது. கேட்டால் இன்ஸ்பெக்டரை நம்பவில்லை என்றாகும். அதற்கும் மேலாக, லாரிக்காரர்கள் காதில் விழும். போட்டார். நகல் கேட்கவில்லை. கார் ஏறினார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி சிட்டாள் ஆச்சி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"வெத்துத் தாள்லயா போட்டீக?"

"பெரிய மனுஷன்னு மதிச்சு நீட்டினான். வாசிச்சுக் காட்டுன்னு கேக்கச் சொல்றியா?"

"நம்ம மகளைக் கட்டிக்கொடுத்தப்ப, சம்பந்திகிட்ட இசைகுடிமானம்னு கல்யாண ஒப்பந்தம் எழுதினோமே, அதைப் பங்காளிக அத்தனை பேரையும் உக்கார வச்சு ரெண்டு தரம் வாசிக்கச் சொன்னீகளே. பரப்பின சீர்ச் சாமான்ல ஒரு எவர்சில்வர் கரண்டி சிட்டையில விட்டுப்போச்சுன்னு முகூர்த்தத்தன்னைக்குச் சண்டைக்கு நின்னீகளே. அவுக சொந்தம். இவன் ஆரு?"

சொந்தத்துக்குள் எழுதி வாங்குவது முறை. அதிகாரியிடம் எழுதி வாங்குவது பயம். செட்டியாருக்கு அப்படித்தான் பட்டது.

நான்காம் நாள் கோட்டைச்சாமியைப் பிடித்துப்போனார்கள். காரைக்குடி வக்கீல் சத்தியமூர்த்தி துறையில் விசாரித்துவிட்டு, மகஜர் நகலையும் வாங்கி வந்து வாசித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. கருப்பட்டிச் சிப்பத்துக்குள் நாற்பது வெளிநாட்டுக் கைக்கடிகாரங்கள் இருந்திருக்கின்றன. தூத்துக்குடியில் எவன் வைத்தானோ தெரியாது. சிப்பம் செட்டியார் பேருக்கு வந்த சரக்கு. அப்படி எழுதினால் செட்டியார் பேர் அடிபடும். ஆகவே மகஜரில் இப்படி இருந்தது: 'தோணியின் உள்ளே தண்டல் கோட்டைச்சாமிக்குச் சொந்தமான மரப்பெட்டியில், தோணி உரிமையாளர் முன்னிலையில் கண்டெடுக்கப்பட்டது.' கீழே செட்டியாரின் கையெழுத்து, அவர் வழக்கமாகப் போடும் சுழியோடு.

"பெட்டி கரையிலதானே இருந்துச்சு," என்றார் செட்டியார் தம்மை அறியாமல்.

வக்கீல் நிமிர்ந்தார். "பாத்தீகளா?"

"அவன் அது மேலதான் உக்காந்திருந்தான்."

"அப்ப அந்த ஒரு வார்த்தையைக் கோர்ட்டுல சொல்லுங்கண்ணே. தாள் வெறுமையா இருந்துச்சு, நான் கூட நிக்கல, சாட்சி ஒருத்தரும் இல்லைன்னு சொல்லுங்க. கேஸ் நிக்காது. வேற சாட்சியே கிடையாது. உங்க கையெழுத்து ஒண்ணை வச்சுத்தான் எல்லாம் நடக்குது."

மறுவாரம் கோட்டைச்சாமியின் மனைவி பொன்னுத்தாயி நெற்குப்பைக்கே வந்துவிட்டாள். முகப்பில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அரிசி பருப்புன்னு எதுவும் கேட்டு வரல மொதலாளி. பெட்டி கரையில இருந்துச்சு. அதைச் சொல்லுங்க போதும். நீங்க பாத்தீகளாம், அவரு சொன்னாரு. மொதலாளி முகம் என்னையப் பாத்துத்தான் இருந்துச்சு, அவுக மறக்க மாட்டாகன்னாரு."

"கோர்ட்டுல கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றார் செட்டியார்.

அவர் பொய் சொல்வதற்கென்று கோர்ட்டுக்குப் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு வருவதாகத்தான் கார் ஏறினார். ஆனால் கோர்ட்டு நிறைந்து கிடந்தது. செக்காலைக்காரர்கள், ஒக்கூர்ப் பங்காளிகள், தெரிந்த முகம் அத்தனையும். சர்க்கார் வக்கீல் தாளை நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துத்தானே?"

"ஆமா."

"படிச்சுப் பார்த்துப் போட்டீங்களா, படிக்காமலே போட்டீங்களா?"

பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது சிரிப்பு மாதிரியே செட்டியார் காதில் விழுந்தது. படிக்காமல் போட்டேன் என்று சொன்னால் நாளைக்கு ஊர் என்ன பேசும்? உடையப்பன் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவன். அவன் போட்ட பத்திரம் எது செல்லும், எது செல்லாது? அப்பச்சி கையெழுத்தை ரங்கூனில் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். கடிகாரம் யார் பெட்டியில் இருந்தது என்ற பேச்சும் மறுபடி கிளம்பும். பெட்டியில் இல்லையென்றால் சிப்பத்தில். சிப்பம் யாருடையது?

கூண்டில் நின்ற கோட்டைச்சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பயமில்லாமல் பார்த்தான். அதுதான் பிற்பாடு செட்டியாரைத் தூங்கவிடவில்லை.

"எங்க வீட்டுல யாரும் படிக்காம கையெழுத்துப் போடுறதில்லை," என்றார் செட்டியார். "படிச்சுத்தான் போட்டேன்."

கோட்டைச்சாமிக்கு ஒன்றரை வருஷம். பெட்டி சர்க்காருக்குப் போயிற்று.

இதற்குப் பிறகு எட்டு வருஷம் தோணி ஓடியது. தண்டல்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். நல்ல தண்டல் எவனும் ஒரு நடைக்கு மேல் தங்கவில்லை. ஏன் என்று செட்டியார் யாரையும் கேட்கவில்லை.

எழுபத்துநாலில் அதே துறையில் விசாலாட்சியை மறுபடி நிறுத்தினார்கள். இந்த முறை வந்த அதிகாரி அழகுசுந்தரம் என்ற இளம்வயதுக்காரர். செட்டியாரும் மாறியிருந்தார். நாற்காலி போட்டார்கள், உட்காரவில்லை.

"சாட்சி ரெண்டு பேர் இல்லாம என் தோணியில யாரும் ஏறக் கூடாது," என்றார். "நான் கூட நிப்பேன். மகஜரை வாசிச்சுக் காட்டணும். நகல் வேணும். அது எனக்கு உள்ள பாத்தியதை."

"தாராளமா," என்றார் அழகுசுந்தரம். "எனக்கும் அதுதான் நல்லது. உள்ளூர்ல மதிப்பான ஆளா ரெண்டு பேரைக் காட்டுங்க."

பள்ளிக்கூடத்து வாத்தியார் குழந்தைவேலு ஒருவர் வந்தார். இன்னொருவர் வேண்டும். செட்டியார் லாரிகளின் பக்கம் பார்த்தார். செக்காலைக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கயிறு முடிச்சுப் போடும் வேலை வந்துவிட்டது.

"நமக்கு எதுக்குங்க வம்பு," என்றார் ஒருவர். "செட்டியார் மகஜர்னா ஆரு பெட்டியில என்ன இருக்கும்னு கடைசியிலதான் தெரியும்." மற்றவர்கள் வெற்றிலையை மெல்வதுபோல் சிரித்தார்கள்.

வலைக்காரர்கள் வீட்டுக்குள் போனார்கள். டீக்கடைக்காரர் தட்டியை இறக்கினார். கரையில் மிஞ்சியது, வெறும் மணலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு நரைத்த ஆள். பக்கத்தில் போன பிறகுதான் அது கோட்டைச்சாமி என்று செட்டியாருக்குத் தெரிந்தது. ஒருவேளை முன்பே தெரிந்திருக்கலாம்.

வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டு நின்றவரல்ல செட்டியார். மணலில் செருப்புப் புதைய நின்றார்.

"கோட்டைச்சாமி. ஒரு சாட்சி வேணும்."

அவன் ஊசியை வலையில் குத்தி வைத்தான். அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தான்.

"வாரேன்."

அதிகாரி முன்னால் இரண்டு பேரும் போய் நின்றார்கள். அழகுசுந்தரம் பேரைக் கேட்டு எழுதினார். "ஒண்ணு கேக்கணும். உம்ம மேல முன்னாடி கேஸ் ஏதும் உண்டா? தண்டனை?"

கோட்டைச்சாமி செட்டியாரைக் காட்டினான்.

"இவுகளைக் கேளுங்க சார். இவுக படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டாக."

காற்றில் தோணியின் பாய்க்கயிறு பாய்மரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. செட்டியார் வாயைத் திறந்தார்.

"படிக்கல. வெத்துத் தாள்ல போட்டேன். இவன் பெட்டி தோணியில இல்ல. கரையில இருந்துச்சு. இவன் அது மேல உக்காந்திருந்தான். நான் பாத்தேன். இவன் மேல ஒரு குத்தமும் இல்ல."

லாரிப் பக்கம் கயிறு முடிந்துகொண்டிருந்த கைகள் நின்றன. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அழகுசுந்தரம் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"இதைச் சொல்ல வேண்டிய இடத்துல சொல்லியிருக்கணும் ஐயா. தீர்ப்பாகி வருஷம் போயிருச்சு. தண்டனை பெற்ற ஆளை நான் சாட்சியாப் போட முடியாது. வேற ஆள் பாருங்க."

கோட்டைச்சாமி செட்டியாரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் பார்த்த பார்வையல்ல இது.

"இம்புட்டுத்தானா மொதலாளி?" என்றான். "ஒரு மூச்சுக்குள்ள முடிஞ்சிருச்சே. இதுக்கா எனக்கு ஒன்றரை வருசம்? எம் மகளைக் கேட்டு வந்தவுக, கடிகாரக் களவாணி வீடான்னு கேட்டுட்டுப் பாதி வழியில திரும்பிப் போனாக. அவ இன்னும் வீட்டுலதான் இருக்கா. வீட்டுப் பேரு உங்களுக்கு மட்டுந்தான் இருக்குன்னு நினைச்சுட்டீக."

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. போய் மணலில் உட்கார்ந்து ஊசியை எடுத்தான்.

செட்டியார் நின்ற இடத்திலேயே நின்றார். இந்த முறை முகம் தோணியைப் பார்த்துத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டு நிற்பதில் இனி கௌரவக் குறைச்சல் என்று எதுவும் இல்லை.

"ரெண்டாவது ஆள் யாரு ஐயா?" என்றார் அதிகாரி. "பொழுது ஆகுது."