கண்ணோரத்துக் கரி

என் லீக்ஸ் பாத்தி ஒரு வியாழக்கிழமை காலை பூமிக்குள் போய்விட்டது. போட்டிக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது.

வெங்காயத்தாளின் தடித்த அண்ணன் என்று லீக்ஸைச் சொல்லலாம். மற்ற ஊர்களில் அதைச் சூப்பில் போடுகிறார்கள். எங்கள் ரூக்லாவில் அது ஒரு மனிதனின் நன்னடத்தைச் சான்றிதழ். சுரங்கத்தை மூடி முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆண்பிள்ளைகள் ஒருவரையொருவர் தோற்கடிக்க இதை விட்டால் வேறு வழியில்லை. என் பன்னிரண்டு செடிகளில் ஒன்பது, கட்டில் அகலப் பள்ளத்துக்குள் தலைகுப்புறக் கிடந்தன. மீதி மூன்றும் ஓரத்தில் நின்று, விபத்தை வேடிக்கை பார்ப்பவர்கள்போல உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

லெஸ் ஹெப்பிளின் வேலைதான் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டேன். போட்டி நெருங்கினால் அடுத்தவன் செடியைக் கத்தியால் கீறுவது எங்கள் பக்கம் நடக்கும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் உண்டு. பாத்தியையே அடியோடு கீழே இறக்குவது புதுசு. ஆனால் லெஸ் எதற்கும் துணிந்தவன். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தோட்டமும் புறாக்கொட்டகையும் இருந்தன. அவனோடு நான் பேசி நாற்பது வருஷம் ஆகிறது. ஊரில் யாருமே பேசுவதில்லை.

காரணமும் எனக்குக் கைவசம் இருந்தது. எண்பத்து நாலில் தொடங்கிய சுரங்க வேலைநிறுத்தத்தில், ஒரு வருஷம் முழுக்கக் கடைசி நாள்வரை வேலைக்குத் திரும்பாமல் வெளியே நின்றவர்களின் பெயர்களை எஃகுத் தகட்டில் வெட்டி, ஊர் முகப்பில் வைக்கப்போகிறோம். செவ்வாய்க்கிழமை எங்கள் சுரங்கக்காரர் கிளப்பில் பட்டியலைச் சரிபார்த்தோம். அந்த ஒரு வருஷமும் ஊருக்கே சமைத்துப்போட்ட மேவிஸ் டுலிப் பெயர்களைப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் "நின்னான்" என்று சொல்ல வேண்டும். செத்துப்போனவர்களுக்குக்கூட மூன்று நான்கு குரல்கள் வந்தன. என் பெயருக்கு ஒரு குரல், அதுவும் என்னுடையது.

"லெஸ்லி ஹெப்பிள்," என்றாள் மேவிஸ்.

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கிளப்பின் கூரை பார்க்கும்படியானதில்லை.

"டெரிக், நீ அவனோட ஆறு வருஷம் ஜோடியா வேலை பாத்தவன். என்ன சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"இந்த ஊர்ல நீ ஒண்ணும் சொல்லாத விஷயம் இது ஒண்ணுதான்டா," என்றாள் மேவிஸ். லெஸ் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டாள். "திங்கக்கெழம பட்டியல் தகடு வெட்டுறவர்கிட்ட போயிடும். அதுக்குள்ள எவனாவது வாயைத் தொறந்தா சரி. இல்லன்னா அவன் பேரு கிடையாது. நாமெல்லாம் செத்தப்புறமும் அவன் கருங்காலிதான்."

ஆக, சேதி அவன் காதுக்குப் போயிருக்கும், பழிவாங்க என் பாத்தியைத் தோண்டியிருப்பான். தடயம் தேடிப் பள்ளத்துக்குள் இறங்கினேன். எழுபத்தொரு வயதில், மாற்று முழங்காலோடு இறங்கினேன் என்று சொல்வது மரியாதைக்காக. சறுக்கி விழுந்தேன், ஒரு லீக்ஸ் மேல் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது வெறும் பள்ளமில்லை. பக்கவாட்டில் கறுப்பாக ஒரு பொந்து போனது, ஆள் முழங்காலிட்டு நுழையும் அளவு. வேலிக்கு அடியில், நேராக லெஸ்ஸின் புறாக்கொட்டகையைப் பார்த்து. எங்கள் பக்கம் கரி சில இடங்களில் ஆழமே இல்லை. இரண்டு ஆள் உயரம் தோண்டினால் தட்டுப்படும். பொந்தின் இரு புறமும் கரி மின்னியது. கூரையைத் தாங்க மரமுட்டுகள் நின்றன. முதல் இரண்டும் உளுத்து ஒடிந்ததால்தான் என் ஒன்பது செடிகளும் கீழே போயிருக்கின்றன.

மூன்றாவது முட்டு உறுதியாக நின்றது. அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு பலகைத் துண்டு, அதை இறுக்கிய ஓர் ஆப்பு. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். பலகையில் பாதி அழிந்த சிவப்பு எழுத்து. வேலைநிறுத்தத்தில் நாங்கள் தூக்கிய கோஷத் தட்டிகளில் ஒன்று. ஆப்பு இடப்பக்கத்திலிருந்து அடிக்கப்பட்டிருந்தது, மூன்றே அடியில், பிசிறில்லாமல்.

அந்தக் கைவேலை எனக்குத் தெரியும். ஆறு வருஷம் அந்த மாதிரி முட்டுகளுக்குக் கீழே சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். தூங்கியதை மேற்பார்வையாளரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

டார்ச்சைக் கரிச்சுவர் பக்கம் திருப்பினேன்.

எண்பத்தைந்து ஜனவரி. வேலைநிறுத்தத்தின் பதினோராவது மாதம். கம்பிவலை அடித்த ஜன்னல்களோடு ஒரு பஸ் தினமும் விடியுமுன் சுரங்கத்துக்குள் போகும். உள்ளே முகத்தை மூடிக்கொண்டு இரண்டு கருங்காலிகள் இருப்பார்கள், வேலைநிறுத்தத்தை உடைத்து வேலைக்குப் போகிறவர்கள். யார் என்று தெரியாது. ரூக்லாவில் ஒவ்வொருவனும் மற்றவனுடைய பூட்ஸைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கொடியில் காயும் சட்டையைப் பார்த்தான். அப்போது ஒரு நாள் சூப் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற லெஸ் திரும்பினான். அவன் இமையோரத்தில் கறுப்புக் கோடு.

சுரங்கத்தில் வேலை பார்ப்பவனுக்குக் குளித்தாலும் போகாத கோடு அது. பத்து மாதம் வேலைக்குப் போகாததால் எங்கள் கண்களெல்லாம் கைக்குழந்தையின் கண்கள்போல வெளுத்திருந்தன. சுரங்கக் கழிவு மேட்டில் கரி பொறுக்கியிருப்பான் என்று நினைக்கவும் வழியில்லை. அடுத்த ஊரில் மேடு சரிந்து இரண்டு பேர் செத்த பிறகு, யாரும் எங்கேயும் கரி தோண்டக் கூடாது என்று சங்கம் தடை போட்டிருந்தது. அப்படியானால் அந்தக் கோடு எங்கிருந்து வந்தது? எங்களுக்கு விடை ஒன்றுதான்.

"வெளிய வாடா மடையா. அது இன்னும் விழும்."

லெஸ் மேலே நின்றிருந்தான், கையில் புறாத் தீனி வாளியோடு. நாற்பது வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"இது உன் முட்டு," என்றேன்.

"எவன் சொன்னான்?"

"ஆப்பு இடப்பக்கம் அடிச்சிருக்கு. இந்த ஊர்ல இடதுகை ஆளு நீதான்."

"நாலு பேர் இருந்தோம்."

"அவனுங்க அடிச்சது ஒரு மாசம் நிக்காது."

அவன் இடக்கையை நீட்டினான். என்னை மேலே இழுத்துப்போடுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. என் பேண்டின் பின்புறத்தில் போட்டிக்கு வைத்திருந்த லீக்ஸ் பச்சையாக ஒட்டியிருந்தது.

"சரி, சொல்லிடு," என்றான் லெஸ். "உன் தோட்டத்துக்கு அடியிலதான் கரி தோண்டினேன். என் எட்னாவுக்கு நெஞ்சு சரியில்ல, வீடு ஐஸ்கட்டி மாதிரி இருந்துச்சு. ஒம்பது வாரம். அதுக்குத்தான் ஊரே மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்களே, போதாதா? இப்ப செடிக்கும் சேத்துத் திட்டப்போறியா?"

"எதுக்கு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டோம்?"

"தோண்டினதுக்கு! வேற எதுக்கு? கூட்டத்துல தடைக்கு மொத ஆளா கையைத் தூக்கினவன் நான். மறுவாரமே ராத்திரியோட ராத்திரியா தோண்ட ஆரம்பிச்சேன். எவனோ பாத்துட்டான்னு புரிஞ்சுது. நியாயந்தான்னு விட்டுட்டேன்."

"நாப்பது வருஷம் நியாயந்தான்னு விட்டியா?"

"கொஞ்சம் அதிகம்னு தோணுச்சு. எட்னா போனப்ப ஆறே பேர் வந்தாங்க. அது அதிகம்."

அவன் மனைவியை அடக்கம் செய்த அன்று நான் தேவாலயத்துக்கு எதிர்ச்சாரியில் நின்று ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கட்டினேன்.

எங்கள் ஊரில் ஒருவனை ஒதுக்கினால் காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்லப் பேச வேண்டும், பேசினால் ஒதுக்கியதாகாது. இந்த ஏற்பாட்டில் குறை இருக்கலாம் என்று அந்த வியாழக்கிழமைவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

"லெஸ்," என்றேன், "தோண்டினது எங்களுக்குத் தெரியவே தெரியாது. பஸ்ல போனது நீதான்னு நெனச்சோம்."

வாளி கீழே விழுந்தது. இரண்டு புறாக்கள் வந்து தீனியைக் கொத்தின. அவன் அவற்றை விரட்டவில்லை.

"கருங்காலின்னா நெனச்சீங்க?" அவன் குரல் மிக மெல்லியதாக வந்தது. "என்னையா?"

"உன் கண்ணுல கரி இருந்துச்சு."

"எங்கப்பனும் தாத்தனும் செத்த குழி அது. நான் பஸ்ல..." அவன் புறாக்கொட்டகைப் படியில் உட்கார்ந்தான். "எட்னாவும் இதைக் கேள்விப்பட்டிருப்பா. கடையில சொல்லியிருப்பாங்க. எங்கிட்ட சொல்லல." நிமிர்ந்தான். "மொதல்ல சொன்னது யாரு?"

செத்தவர்கள்மேல் போட்டிருக்கலாம். அதற்குப் பொருத்தமான இரண்டு பேர் இடுகாட்டில் இருந்தார்கள், அவர்கள் வாய் அப்படி, ஊரே நம்பியிருக்கும். உண்மையைச் சொல்லக் கூடாது என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நான்தான்."

"எங்க வெச்சு?"

"கிளப்ல. 'லெஸ் கண்ணுக்கு மை போட்டிருக்கான், எவளுக்குன்னுதான் தெரியல'ன்னேன். ஜோக்குதான்."

"நல்லா சிரிச்சாங்களா?"

"இல்ல. அன்னிக்கு மட்டும் ஒருத்தனும் சிரிக்கல."

அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவன் எழுந்து, சிந்திய தீனியைக் கையால் கூட்டி வாளியில் போட்டான்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் கிளப்ல எல்லாரும் இருப்பாங்க. எந்திரிச்சு நின்னு சொல்லு. ஜோக் அடிக்காம."

"சொல்றேன்."

"உனக்கு வராது."

"முயற்சி பண்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். உறுப்பினர் அட்டை நாற்பது வருஷம் முன்பே காலாவதி. மேவிஸ் விருந்தாளிப் புத்தகத்தில் அவன் பெயரை எழுதி உள்ளே விட்டாள். கால்வாசிப் பேச்சு நின்றது, பிறகு அரைவாசி, பிறகு முழுவதும். அவன் அரை பைன்ட் பீர் வாங்கிக்கொண்டு கதவோரமாக நின்றான்.

நான் எழுந்தேன். தொண்டையைச் செருமினேன்.

உடனே சிரித்தார்கள். ஐம்பது வருஷமாக நான் எழுந்தால் சிரிப்பதுதான் பழக்கம். லீக்ஸ் மேல் உட்கார்ந்த சேதியும் பரவியிருந்தது. "கீழ பாத்து உக்காருடா!" என்று ஒருவன் கத்தினான். நான் பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். கண்ணோரக் கரியைப் பற்றிச் சொன்னபோது பாதிப் பேர் சிரித்தார்கள். "அதைச் சொன்னது நான், அது பொய்," என்றபோது ஒரே ஒருவன் சிரித்தான். அவனும் பாதியில் நிறுத்திக்கொண்டான். இன்னொரு முறை முதலிலிருந்து சொன்னேன், வேடிக்கை எதுவும் சேர்க்காமல். நான் பேசியதிலேயே மட்டமான பேச்சு அதுதான்.

பேசும்போதே ஒரு கெட்ட காரியமும் செய்துகொண்டிருந்தேன். லெஸ் இல்லையென்றால் பஸ்ஸில் போன இரண்டு பேர் யார்? யாரெல்லாம் என் முகத்தைப் பார்க்காமல் கிளாஸைப் பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். மூன்று பேர். ஒருவனுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது, அவனைக் கழித்தேன். பிறகு எண்ணுவதை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் நம்புகிறேன்.

மேவிஸ் எழுந்து பட்டியலை விரித்தாள்.

"லெஸ்லி ஹெப்பிள்."

"நின்னான்," என்றேன். ஜன்னல் பக்கமிருந்து இன்னொரு குரல் வந்தது. பிறகு ஏழெட்டு, எல்லாம் தரையைப் பார்த்துச் சொன்னவை.

மேவிஸ் கேள்விக்குறியை அழித்தாள். "உனக்குச் சம்மதமா லெஸ்? இத்தனை நாள் உன்னை ஒதுக்கினவங்களோட ஒரே தகட்டுல உன் பேரு?"

லெஸ் கிளாஸை வைத்துவிட்டு வந்து பட்டியலைப் பார்த்தான். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தான்.

"இந்த டெரிக் பேரு எனக்கு நேர் மேலயே இருக்கு."

"அகர வரிசைப்பா. டெரிக் கௌலண்டுக்கு அடுத்தது ஹெப்பிள்தான்."

"மாத்த முடியாதா?"

"முடியாது கண்ணு."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். யாரும் குடிக்கவில்லை. "அப்ப நடுவுல ஒரு வரி எடம் விடச் சொல்லு," என்றான்.

மேவிஸ் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

தகடு இப்போது ஊர் முகப்பில், பழைய சுரங்கச் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெயர்கள் நெருக்கமாக இறங்கி வந்து, எனக்குக் கீழே ஒரு விரல் அகலத்துக்கு எஃகு வெறுமையாக இருக்கும், பிறகு லெஸ். காரை நிறுத்திப் படமெடுக்கும் வெளியூர்க்காரர்கள் அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். யாரோ ஒரு கருங்காலியின் பெயரை அழித்திருக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் ரகசியமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.