2914ஆம் அறையின் நீண்ட கோடை

கிளீவ்லாண்ட் நகரத்தில், கிரெய்த்லி அண்ட் ஸ்டோப் வழக்கறிஞர் நிறுவனத்தின் இருபத்தொன்பதாம் மாடியில், 2914ஆம் எண் அறையில், 1996ஆம் ஆண்டு ஜூன் மூன்றாம் தேதி திங்கட்கிழமை தொடங்கிய கோடைக்காலம் பதினாறு ஆண்டும் எட்டு மாதமும் நீடித்தது. பக்கத்து அறை ஜன்னலில் ஈரி ஏரி உறைந்து கிடக்கும்போது இந்த அறை ஜன்னலில் பாய்மரப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. வெப்பமானி எண்பத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. கட்டடப் பராமரிப்புக்காரர்கள் இரண்டு முறை வந்து குளிர்சாதனக் குழாய்களைப் பிரித்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, ஆளுக்கொரு துண்டு தர்பூசணி சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

இது எப்படி வந்தது என்று கேட்டால், எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடித்த பிள்ளைகளைப் பெரிய நிறுவனங்கள் கோடையில் பத்து வாரம் கூட்டி வைத்துக்கொள்ளும். பெயர்தான் பயிற்சி, நடப்பதென்னவோ உபசாரம். தினம் ஒரு வழக்கறிஞர் அவர்களை மதிய உணவுக்கு அழைத்துப் போவார், அது இரண்டு மணி நேரம் ஆகும். பேஸ்பால் ஆட்டம் உண்டு, ஏரியில் படகு உண்டு. இடையில் நேரம் கிடைத்தால் ஏதாவது ஒரு வழக்குக் குறிப்பு எழுதச் சொல்வார்கள். ஆகஸ்டில் எல்லோருக்கும் வேலைக் கடிதம். வந்தவர் எத்தனை, கடிதம் பெற்றவர் எத்தனை என்ற பட்டியல் இலையுதிர்காலத்தில் கல்லூரிகளுக்குப் போகும். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடத்துப் பிள்ளைகள் வருவார்கள். எங்கள் பட்டியலில் இருபது வருடமாக ஒரு தலைகூடக் குறைந்ததில்லை. 1996இலும் இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு. ஆள்சேர்ப்புப் பிரிவின் தலைவி பெவர்லி ஸ்ட்ரௌட் ஒவ்வொரு பட்டியலையும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்.

வந்தவர்கள் அத்தனை பேரையும் எங்களுக்குப் பிடித்துவிடுமா என்ன? பிடிக்காத பிள்ளைக்கும் கடிதம் உண்டு. ஆனால் கடிதத்தோடு, நிறுவனத்தில் பங்குள்ள மூத்த வழக்கறிஞரான ஒரு பங்குதாரர் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வேறு இடத்தில் நீங்கள் இன்னும் சந்தோஷமாக இருப்பீர்கள் என்பார். பிள்ளைக்குப் புரிந்துவிடும். இரண்டு வாரத்தில் நன்றி சொல்லி, வருந்துகிறேன் என்று எழுதிவிடும். நாங்களும் வேறு இடத்தில் நாலு நல்ல வார்த்தை சொல்லி வைப்போம். பட்டியலும் முழுசு, யாருக்கும் முகம் சுண்டுவதுமில்லை.

ரெனாட்டா கோவாலிக், பக்கத்து ஊரான பார்மாவிலிருந்து வந்த, பேருந்துப் பணிமனை மெக்கானிக்கின் மகள். அந்தக் கோடையில் அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று: வேலை பார்த்தாள். சாப்பாட்டுக்கு அழைத்தால், கையில் குறிப்பு ஒன்று பாக்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த, இறைச்சி வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலைகளை மேஜையிலேயே பிரித்துச் சாப்பிட்டாள். படகுக்குப் போகவில்லை. ஐந்தாவது வாரத்தில் அவளுக்குக் கொடுக்க எங்களிடம் வேலையே இல்லாமல் போயிற்று. ஆறாவது வாரம் அவளே ஒவ்வோர் அறையாக வந்து வேலை கேட்டாள். மூன்று மணிக்கு உணவு முடிந்து திரும்பும் பங்குதாரர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்! இந்தப் பெண் நமக்கு ஒத்துவராது என்று ஆள்சேர்ப்புக் குழு ஒரே குரலில் முடிவு செய்தது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, வெள்ளிக்கிழமை, எல்வுட் ப்ரூயிட் கடிதத்தோடு 2914க்குப் போனார். அவர்தான் ஆள்சேர்ப்புக் குழுவின் பங்குதாரர், அப்போது ஐம்பத்திரண்டு வயது, இந்தப் பேச்சை நாகரிகமாகப் பேசுவதில் பெயர் பெற்றவர்.

"கடிதம் இதுல இருக்கு, ரெனாட்டா. ஆனா மனசுல பட்டதச் சொல்றேன். வேற எங்கயாவது போனா நீங்க இன்னும் சந்தோஷமா இருப்பீங்க."

"எனக்கு இங்கயே சந்தோஷமாத்தான் இருக்கு, மிஸ்டர் ப்ரூயிட்."

"அவசரமே இல்ல. ரெண்டு வாரம் நல்லா யோசிச்சுட்டு எழுதுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பேனா குடுங்க."

அங்கேயே சம்மதக் கையெழுத்தைப் போட்டு, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டில் வா என்றால் வா என்று அர்த்தம். ப்ரூயிட்டின் இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒருத்தி வந்ததில்லை. நிறுவனத்தின் சார்பில் அவரும் கையெழுத்துப் போட்டால்தான் பயிற்சி முடிந்து வேலை உறுதியாகும். போட்டால் குழுவின் பேச்சு போகும், கடிதத்தைத் திரும்பப் பெற்றால் பட்டியல் போகும். அவர் காகிதத்தைத் தன் மேஜையின் கடைசி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மற்ற இருபத்தொரு அறைகளிலும் அன்று மாலை கோடை முடிந்தது. 2914இல் முடியவில்லை.

அவள் கல்லூரிக்குத் திரும்பிப்போய்க் கடைசி ஆண்டை முடித்து, வழக்கறிஞர் தேர்விலும் தேறி, அடுத்த செப்டம்பரில் புதுச் சப்பாத்தோடு வந்து நின்றாள். புது வழக்கறிஞர்கள் பட்டியலில் அவள் பெயர் இல்லை. பெவர்லி எல்லாக் கோப்புகளையும் புரட்டிப் பார்த்தார், பிறகு அவளை 2914க்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். உள்ளே ஜூலை மாதம் அடித்துக்கொண்டிருந்தது.

"உனக்கு இன்னும் பயிற்சி முடியலம்மா. நான் என்ன பண்ணட்டும், நீயே பாரு," என்றார் பெவர்லி.

"அப்போ சம்பளம்?"

"அது எப்பவும்போல வாராவாரம் வரும். போயி உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். கோடை மாணவர்களுக்குப் புது வழக்கறிஞரின் சம்பளத்தையே வாரக் கணக்கில் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம் என்பதால் அதில் குறையில்லை. கோடை முடியாத மாணவியை வெளியே அனுப்ப விதி இல்லை, உள்ளே சேர்க்கவும் விதி இல்லை. கோடை மாணவியைத் தினம் ஒருவர் உணவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதற்கு மட்டும் விதி இருந்தது. பெவர்லி விதியை விடுகிற ஆள் இல்லை. முதல் மாதம் ரெனாட்டா முறுக்கிக்கொண்டுதான் போனாள். பிறகு பொரித்த மீனும் பேச்சும் அவளுக்குப் பிடித்துப்போயின. ஐந்து வருடத்தில் எங்கள் நூற்றுப் பத்து வழக்கறிஞர்களில் அவளோடு சாப்பிடாதவர் இல்லை. யாருடைய வழக்கு எங்கே இடிக்கிறது, யார் யாரிடம் கேட்கத் தயங்குகிறார் என்பதெல்லாம் அவளுக்கு மட்டுமே மொத்தமாகத் தெரிந்திருந்தது. சிக்கல் வந்தால் 2914இல் கேளுங்கள் என்பது அலுவலகத்தில் சாதாரணப் பேச்சாகிவிட்டது. வெளியே குளிர் நடுக்கும் பிப்ரவரியில் ஆட்கள் சிக்கல் இல்லாமலும் வந்தார்கள். ஜன்னலோரத் தொட்டிகளில் தக்காளி காய்த்தது, வரி வழக்குப் பிரிவினர் வந்து பறித்துக்கொண்டார்கள்.

இதற்கிடையில் காலம் மற்ற அறைகளில் தன்பாட்டுக்குப் போயிற்று. 2001இல் பதினான்கு மாணவர்கள். 2007இல் இருபத்தாறு, அந்த வருடம் பிள்ளைகளை மகிழ்விக்க ஒரு மந்திரவாதியைக் கூப்பிட்டார்கள், அவர் 2914ஐப் பார்த்துவிட்டுத் தன் வித்தையைச் சுருக்கிக்கொண்டார். நிறுவனங்கள் முந்திக்கொண்டு ஆள் பிடித்ததில் அடுத்த கோடைக்காக அக்டோபரில் நடந்த நேர்காணல் செப்டம்பருக்கு வந்தது, பிறகு ஆகஸ்டுக்கு. இப்படியே போனால் தொட்டிலில் வைத்துத்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று பெவர்லி முணுமுணுத்தார். 2009இல் பொருளாதாரம் சரிந்து நாடே முடங்கிக் கிடந்தபோது மூன்றே மாணவர்கள். கடிதம் பெற்றவர்களை ஒரு வருடம் கழித்து வரச் சொன்னார்கள். இருபத்தெட்டு வழக்கறிஞர்களுக்கு வேலை போயிற்று. ரெனாட்டாவுக்குப் போகவில்லை, அவள் பெயர்தான் வழக்கறிஞர் பட்டியலிலேயே இல்லையே.

அவளுக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். இந்த அலுவலகம் அவளுக்குப் பிடித்திருந்தது, அதனால்தான் வருத்தம். அவள் எழுதிய மனுக்கள் வேறு ஆட்களின் பெயரில் நீதிமன்றத்துக்குப் போயின. மற்றக் கதவுகளில் பித்தளைப் பலகை, அவள் கதவில் பெவர்லி கையால் எழுதி ஒட்டிய சீட்டு. அதை வருடத்துக்கு ஒருமுறை மாற்றி ஒட்டினார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் அப்பா, உன் கோடை எப்போதம்மா முடியும் என்று கேட்பார். கேலிதான், ஆனாலும் அவள் அன்று சரியாகச் சாப்பிடமாட்டாள் என்று அவளே எங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

2013 பிப்ரவரியில் ப்ரூயிட் ஓய்வு பெற்றார். மேஜையைக் காலி செய்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்தக் காகிதத்தோடு 2914க்கு வந்தார். குளிர்காய வந்திருந்த ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தோம். எங்களை அவர் வெளியே போகச் சொல்லவில்லை.

"இது பதினாறு வருஷமா என் இழுப்பறையில கெடந்துச்சு. அன்னிக்கு நான் உங்கள வேணாம்னுதான் சொல்ல வந்தேன், ரெனாட்டா."

"தெரியும். ரெண்டாவது வருஷமே ஒரு சாப்பாட்டுல யாரோ சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா இருந்தீங்க?"

"நீங்க சொன்னது உங்க வாய்ல இருந்துச்சு. கடிதத்துல வான்னுதான எழுதியிருந்துச்சு."

அவர் முகம் சிவந்துபோயிற்று. நான் இப்போது கையெழுத்துப் போட்டால் இந்த வெயில் போய்விடும், தக்காளியும் போய்விடும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். எங்களில் ஒருவர், இன்னும் ஒரு மாதம் பொறுத்து மார்ச்சில் போட்டால் என்ன என்று கேட்டார். ரெனாட்டா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எனக்கு என் பேரு கதவுல வேணும். போடுங்க."

ப்ரூயிட் போட்டார். மை காய்வதற்குள் ஜன்னலில் படகுகள் கரைக்குத் திரும்பின. வெளிச்சம் மஞ்சளாகி, பழுப்பாகி, சாம்பலானது. பிறகு விட்டத்திலிருந்து பனி இறங்கத் தொடங்கியது. அந்த அறைக்கு வரவேண்டியிருந்த பதினாறு குளிர்காலங்களும், நடந்துகொண்டிருந்ததில் பாதியும், வரிசை தவறாமல் நாற்பது நிமிடத்தில் கொட்டித் தீர்ந்தன. இரண்டாயிரத்து நான்கின் டிசம்பர் வந்தபோது தன் வீட்டுக் கூரை சரிந்தது இதிலேதான் என்று ஒருவர் அடையாளம் சொன்னார். ப்ரூயிட் தன் கோட்டைக் கழற்றி ரெனாட்டாவின் தோளில் போட்டார். பனி இடுப்புவரை வந்து நின்றது.

யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மாடி முழுவதிலிருந்தும் பங்குதாரர்களும் குமாஸ்தாக்களும் குப்பைக் கூடைகளோடு வந்தார்கள். அறையிலிருந்து சமையலறைத் தொட்டிவரை வரிசையாக நின்று கூடைகளைக் கைமாற்றினார்கள். அத்தனை பேரும் தனக்காகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ரெனாட்டா அழுதாள், பிறகு அவளும் ஒரு கூடையை எடுத்தாள். பித்தளைப் பலகைக்குச் சொல்லிவிட பெவர்லி போனார். வியாழக்கிழமைதான் கிடைக்குமாம். நான்கு மணிக்குத் தரை தெரிந்தது. நாலேகாலுக்கு ஆக்ரன் நகரத்திலிருந்து ஒரு கட்சிக்காரர், 2914இல் இருக்கும் அந்த மாணவி வேண்டும் என்று போன் செய்தார். வரவேற்பறைப் பெண், அப்படி யாரும் இங்கே இல்லையே, வழக்கறிஞர் கோவாலிக்குக்கு இணைக்கட்டுமா என்று கேட்டாள். நனைந்த காலுறையோடு ரெனாட்டா போனை எடுத்தாள்.