யானை கொடுத்த கொப்பு

கட்டுத்துவக்கு வெடித்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு சத்தம். காட்டிலிருந்த பறவைகள் எல்லாம் ஒன்றாக எழும்பின. பிறகு ஒரு மனிதக் குரல் கேட்டது. அது அம்மாவையும் கூப்பிடவில்லை, மாதாவையும் கூப்பிடவில்லை. ஆ என்ற ஒரே எழுத்தை மூச்சு முடியும் வரை இழுத்து, நிறுத்தி, மறுபடியும் அதே எழுத்தில் தொடங்கியது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். கொப்பளிக்காமல் ஓடினேன் என்று சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். கொப்பளித்துவிட்டுத்தான் ஓடினேன்.

அன்ரனியின் மகன் நிறோஜன் விறகுப் பாதையில் கிடந்தான். வேலிக்குத் தடி வெட்டப் போனவன். இருபத்தாறு வயது. இடது முழங்கால் இருந்த இடத்தில் ஒரு சிவப்புக் குழி இருந்தது. பாதம் மட்டும் செருப்போடு வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்ரனி தன் சேட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினான். நான் என் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொண்டுவந்தேன். கதவில் கிடத்தி, உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினோம். இயந்திரம் கிளம்புவதற்குள் எறும்புகள் வந்துவிட்டன.

கட்டுத்துவக்கு என்றால் மரத்தில் கட்டிவைத்த துவக்கு. பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு நூல் போகும். பன்றி நூலில் முட்டினால் துவக்கு வெடிக்கும். பன்றிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்தை அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதைக் கட்டியவன் சரவணமுத்து.

இந்தக் காட்டுக்கு முதலில் வந்தது யார் என்பதில் எங்களுக்குள் பல கட்சிகள் உண்டு. இரத்தம் குடிக்கிற நுளம்பு என்பது என் கட்சி. அதற்குப் பிறகு வந்தவர்கள் சரவணமுத்துவின் ஆட்கள். தேனும் இறைச்சியும் கொஞ்சம் குரக்கனுமாக ஆறு குடும்பம். எத்தனை தலைமுறை என்று கேட்டால் எண்ண மாட்டார்கள். வானத்தைத் தொடுகிற ஒரு பாலை மரத்தைக் காட்டி, "இது சின்னக் கண்டா நிண்டதை எங்கட பூட்டன் பாத்தவராம்" என்பார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய காணி உறுதிப் பத்திரம். நாங்கள் மன்னார்த் தீவிலிருந்து வந்த நாற்பது குடும்பம். சண்டையில் கரையை விட்டு ஓடி, முகாம் முகாமாகக் கிடந்து, முடிந்தபின் போய்ப் பார்த்தால் எங்கள் மீன்வாடி நின்ற இடத்தில் முள்ளுக்கம்பி. ஆளுக்கு ஒன்றரை ஏக்கர் காட்டைக் கடதாசியில் எழுதித் தந்தார்கள். ஊர் அதிகாரியான விதானை நாடா பிடித்து அளந்தபோது மரத்துக்குப் பின்னால் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நாடா போன வழியில் அவர்களுடைய செத்தவர்கள் புதைந்திருந்தார்களாம். கேட்டவர் யார்? அதில் இப்போது அன்ரனியின் கச்சான் கடலை விளைகிறது.

முதல் வருடம் எங்கள் நாய்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தறுபட்டுக் கிடந்தன. இரண்டாம் வருடம் நாங்கள் அவர்களுடைய தேன் மரங்களைத் தறித்தோம். மூன்றாம் வருடம் எங்கள் வைக்கோற்போர் எரிந்தது, அவர்களில் ஒருவனுக்குக் கண் போனது. அவர்கள் ஒரு மைல் உள்ளே தள்ளிப் போனார்கள். நாங்கள் ஒரு மைல் பாதை வெட்டினோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அருட்பிரகாசம் என்பது ஞானஸ்நானப் பெயர். ஊரில் புழுகுப் பிரகாசம். தலைமன்னாரில் நான் பிடித்த திருக்கையின் வாலில் எங்கள் தெருப் பெண்கள் மூன்று நாள் சேலை காயப்போட்டார்கள். மன்னார் பஸ் நிலையத்துக் கழுதை ஒன்று எனக்காக வரிசையில் நின்று இடம் பிடித்து வைத்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் புனித அந்தோனியார் மேல் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.

இனி, துவக்கு வெடிப்பதற்கு முதல்நாள், வியாழக்கிழமை பின்னேரம் நடந்தது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருந்தது. வலை இழுக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். முதல்நாள் பின்னேரமே மணலில் துடுப்பை நட்டுவிட்டால் மறுநாள் அந்தப் பாடு அவனுக்கு. வேறொருவன் இறங்கக் கூடாது. அந்தத் துடுப்பால் மண்டை உடைந்தவர்களை எனக்குத் தெரியும். ஒன்றை நானே உடைத்திருக்கிறேன். அன்று விறகுப் பாதையில் போனபோது, இரண்டு மரங்களுக்கு நடுவே கொடியால் இழுத்துக் கட்டிய பச்சைக் கொப்பு ஒன்று வழியை மறித்தது. எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. நாங்கள் வெட்டின பாதைக்குச் சரவணமுத்து பாடு வைக்கிறானோ? கொடியை அறுத்து, கொப்பை இழுத்துக்கொண்டு வந்து ஆட்டுக்குப் போட்டேன். என் மனிசி அன்ரோனெற் அதை எங்கே வெட்டினேன் என்று கேட்டாள். யானை தந்தது என்று சொன்னேன்.

காலையில் நிறோஜனின் தலைமாட்டில் குனிந்தபோது, இரண்டு மரங்களிலும் நான் அறுத்த கொடியின் மிச்சம் தொங்குவதைக் கண்டேன். அங்கிருந்து துவக்குக்குப் பத்து எட்டு நடைதான். ஒரு மனிதன் எதற்காக அந்த இடத்தில் கொப்பை மறித்துக் கட்டுவான் என்று அப்போதுதான் என் மண்டைக்குள் ஏறியது. போகாதே, உள்ளே துவக்கு. காட்டு ஆட்களின் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். நாங்கள் அவர்களோடு பேசிப் பழகியிருந்தால் எங்களுக்கும் தெரிந்திருக்கும். சாட்சியை ஆடு முழுவதும் தின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், மன்னார்ப் பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறோஜன் போய்விட்டான். உடலை ஆஸ்பத்திரியில் தன் மனைவியின் பொறுப்பில் விட்டுவிட்டு, அன்ரனி இரண்டு மணிக்குத் திரும்பினான். மேலுக்குச் சேட்டு இல்லை. நெஞ்சு மயிரில் மகனின் இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. நேரே போய்க் கோடாலியை எடுத்தான். கோவில் கொட்டிலடியில் முப்பது பேர் கத்தியும் பொல்லுமாக நின்றார்கள்.

நான் முன்னால் போய் நின்றேன். "அன்ரனி, சரவணமுத்து குறுக்கால கொப்புக் கட்டித்தான் விட்டவன். நான்தான் அறுத்தனான். ஆட்டுக்குக் கொண்டு வந்தனான்."

"பிரகாசமண்ணை, இண்டைக்கு வேண்டாம்."

"அந்தோனியாராணை உண்மை."

"திருக்கை வாலுக்கும் அவரிலதானே சத்தியம் பண்ணினனீங்கள்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மனிசியைக் கேளுங்கோ!"

அன்ரோனெற்றைத் தேடி எல்லாரும் திரும்பினார்கள். பாவம், பொய் சொல்லத் தெரியாதவள். முந்தானையால் வாயைத் துடைத்தாள். "கொப்புக் கொண்டு வந்தவர்தான். யானை குடுத்ததாம். தும்பிக்கையால நீட்டி, 'அண்ணை, ஆட்டுக்குப் போடுங்கோ' எண்டு சொன்னதாம்."

ஒருவன் சிரித்தான். பிறகு இரண்டு பேர். பிறகு எல்லாரும். கத்தி பிடித்த முப்பது பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்ரனி மட்டும் சிரிக்கவில்லை. என் தோளில் மெதுவாகக் கை வைத்தான்.

"அவனைக் காப்பாத்தப் பாக்கிறீங்கள். உங்கட மனம் எனக்குத் தெரியும். விலகுங்கோ அண்ணை."

தேன் எடுக்கிற மாதம். காட்டு ஆட்கள் எல்லாரும் உள்ளே ஆற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குடிசைகளில் இருந்தது சரவணமுத்துவும் மனைவி மனோன்மணியும் மகள் வேணுஜாவும்தான். பெண்கள் இரண்டு பேரையும் பற்றைக்குள் தள்ளிவிட்டு அவன் மட்டும் வெளியே நின்றான்.

"கொப்புக் கட்டினனான்," என்றான்.

"எங்கையடா கொப்பு?"

"கட்டினனான்."

"நான் அறுத்தனான்!" என்று நடுவில் புகுந்தேன். யாரோ ஒருவனின் முழங்கை என் வாயில் விழுந்தது. காலையில் துலக்கிய பற்களில் இரண்டு மண்ணில் கிடந்தன. நான் எழும்புவதற்குள் துவக்குக் கட்டிய கை எது என்று கேட்டார்கள். அவன் சொல்லவில்லை. இரண்டையும் முறித்தார்கள். காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். பிறகு பொல்லால் தலையில் அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். அடிக்க இடம் கிடைக்காதவர்கள் சுற்றி நின்று காலால் உதைத்தார்கள். இவர்களில் பாதிப் பேரின் ஞானஸ்நானத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன். நெருப்பு வைத்தார்கள். குடிசைக்குள் இருந்த தேன் முட்டிகள் வெடித்தன. அவ்வளவு நல்ல மணத்தை அந்தக் காட்டில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

கோடாலி அன்ரனியின் கையிலேயே இருந்தது. அதை அவன் ஓங்கவே இல்லை. எரிவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "செத்திட்டான்," என்று யாரோ சொன்னதும் திரும்பி நடந்தான். மற்றவர்கள், காட்டு ஆட்களில் மிச்சப் பேர் றோட்டால் வந்தால் வெட்டுவதென்று பேசிக்கொண்டு றோட்டை மறிக்கப் போனார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை.

சரவணமுத்து சாகவில்லை. வாயில் இரத்தக் குமிழி ஒன்று வருவதும் உடைவதுமாக இருந்தது. பற்றைக்குள்ளிருந்து மனோன்மணி சாக்கும் தடியுமாக வந்தாள். இடுப்பில் கத்தி இருந்தது. அவளும் வேணுஜாவும் அவனைச் சாக்கில் கிடத்தி, தடியில் கட்டி, தோளில் தூக்கினார்கள். அழவில்லை. பிறகுதான் அவள் என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் கத்தினது உண்மையோ?"

"ஓம்."

"நீங்கள்தான் அறுத்தனீங்கள்."

"ஓம்."

அறுபத்தெட்டு வருடத்தில் ஒரே சொல்லில் என்னை நம்பிய முதல் ஆள் அவள். அவள் கை கத்திக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போகவில்லை.

"றோட்டால கொண்டுபோக ஏலாது. ஆத்தங்கரையில எங்கட ஆக்கள் நிக்கினம். மருந்து தெரிஞ்ச கிழவன் இருக்கிறார். நேத்து இவர் இந்தப் பக்கம் இன்னும் மூண்டு துவக்குக் கட்டினவர். எங்கையெண்டு இவருக்குத்தான் தெரியும்."

"கொப்பு?"

"உள்ளுக்குக் கொப்புக் கட்டுறேல்லை. அங்க ஆர் வாறது?" தோளில் தடியைச் சரிப்படுத்தினாள். "முன்னால நடவுங்கோ."

நடந்தேன். ஒரு குச்சியை முறித்து முன்னால் நீட்டலாம் என்று யோசித்தேன். அந்தக் காட்டில் இன்னொரு கொப்பைத் தொடக் கை வரவில்லை. வெறும் கையோடு, ஒவ்வொரு எட்டையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். பின்னால் சாக்கு உரசுகிற சத்தம். இரண்டாவது வளைவில் பாதையின் நடுவே ஒரு பெண் மான் நின்றது. இதை நீங்கள் நம்பத் தேவையில்லை. அது எங்களைப் பார்த்தது, பாதையைப் பார்த்தது, அசையவில்லை. நான் முதலில் போகட்டும் என்று அது நின்றது. அது முதலில் போகட்டும் என்று நான் நின்றேன்.

"நடவுங்கோ," என்றாள் மனோன்மணி.

மான் ஒரு காலைத் தூக்கியது. நானும் தூக்கினேன்.