கழற்றி வைத்த சப்பாத்துகள்

கிழக்கில் கறுப்பு மெல்லச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. பிரென்ட்போர்ட் படகுத்துறையில் தேம்ஸ் வற்றிப்போய்ச் சேறு நாறிக் கிடந்தது. 'எலன் மே' என்ற பழைய பாய்க்கப்பலின் மேல்தட்டில் நின்று யாக்கோப்பு கயிற்றை இழுத்தான். கயிறு ஒரு கப்பியில் ஏறிக் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கியது. கீழே, அந்த இருட்டுக்குள், கஸ்பர் நின்றார். காற்றுக்குக் கப்பல் சரியாமலிருக்க அந்தக் காலத்தில் அடியில் அடுக்கிய இரும்புக் கட்டிகளை அவர் அலவாங்கால் நெம்பிக் கயிற்றில் கொழுவ வேண்டும். யாக்கோப்பு மேலே தூக்க வேண்டும். கூட்டாளி எட்வேட் வாங்கிக் கரையில் அடுக்க வேண்டும். ஒவ்வொரு கட்டியும் ஒரு கொழுத்த கடா ஆட்டின் பாரம்.

கயிற்றில் பனி உறைந்திருந்தது. உள்ளங்கைத் தோல் அதில் ஒட்டி ஒட்டி உரிந்தது. "ஏத்தடா தம்பி!" என்று கீழேயிருந்து சத்தம் வரும். யாக்கோப்பு பல்லைக் கடித்துக்கொண்டு ஏத்துவான். கட்டியோடு பழைய துருவும், சேறும், எந்தக் காலத்து மீனின் செதிலோ தெரியாத ஏதோவொன்றும் நாறிக்கொண்டு மேலே வரும்.

கரையில் சப்பாத்துகள் வரிசையாக நின்றன. கப்பலில் நின்ற எல்லாருடைய கால்களிலும் காலுறை மட்டும்தான். மன்னார்க் கரையில் தொழில் செய்தவன் எவனும் வள்ளத்தில் செருப்போடு ஏறமாட்டான். சோறு போடுகிற பலகையைச் செருப்பால் மிதிக்கிறதாவது! இலண்டனில் உறைபனி கொட்டினாலும் கஸ்பருக்கு அந்தச் சட்டத்தில் இளக்கம் கிடையாது. கடலே தெரியாத குலசேகரம் முதல்நாள் அவரைச் சீண்டிப் பார்த்தான். அவன் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவன்.

"அண்ணை, இது எப்பவோ செத்துப்போன கப்பல். இதுக்கு என்ன மரியாதை?"

"செத்த வீட்டுக்குள்ளை செருப்போடை போவியோ தம்பி?"

குலசேகரம் வாயை மூடிக்கொண்டு சப்பாத்தின் முடிச்சை அவிழ்த்தான். அதற்குப் பிறகு அவனும் அந்த வரிசையில் ஒருவன்.

பழைய கப்பலைத் திருத்தி மறுபடி ஓடவிட நினைத்த முதலாளி ஹார்க்கோட்டுக்கு இந்த வழக்கம் மெத்தப் பிடித்துப்போனது. கூட்டாளிகளைக் கூட்டிவந்து, சப்பாத்து வரிசையைக் காட்டி, படமும் எடுத்தார். 'எவ்வளவு அழகான பண்பாடு' என்று அவர் சொன்னதைக் குலசேகரம்தான் மொழிபெயர்த்தான். கொடுப்புக்குள் ஒரு சிரிப்போடு மொழிபெயர்த்தான்.

எலன் மே மீன்பிடிக் கப்பலாம், அதுவும் றோலர் என்கிற இழுவைக் கப்பலாம் என்று கேள்விப்பட்ட அன்று யாக்கோப்புவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அறிந்த றோலர், இயந்திரம் உறும வந்து தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போகிற சனியன். இது பாயாலே ஓடி, காற்றின் பலத்திலேயே அடிக்கடலில் வலையை இழுத்ததாம். பக்கப்பலகையின் விளிம்பில் வலைக்கயிறு அறுத்த தடம் ஆழமாகக் கிடந்தது. யாக்கோப்பு ஒருநாள் விரலை வைத்துப் பார்த்தான். விரல் முழுதாக அதற்குள் அடங்கியது. எத்தனை பேருடைய கை எரிந்திருக்கும் என்று நினைத்தான். தன் ஊர் வள்ளத்திலும் இப்படி ஒரு தடம் உண்டு. அந்த வள்ளம் இப்போது எரிந்துபோன கரையில் எரிந்துபோய்க் கிடக்கிறது. மனைவியும் மகளும் மடுக்கோயில் அகதி முகாமில். அவர்களை இங்கே கூப்பிட வேண்டுமென்றால் முதலில் இவனுடைய அகதி வழக்கு வெல்ல வேண்டும். அதற்குள் ஒரு பிழையும் நடந்துவிடக் கூடாது.

இவர்களை ஹார்க்கோட்டிடம் கொண்டுவந்து விட்டவர் ஆனந்தராஜா. நம்முடைய ஆள்தான். ஹரோவில் வீடு, கழுத்தில் பட்டி, வாயில் தேன். வேலை அனுமதி வராதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுப்பார். மாரி தொடங்கியதும், பகல் குறுகிப்போச்சு என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தார். பகல் குறுகியதற்கும் இவர்கள்தான் குற்றவாளிகள்!

"சம்பளத்தை விடுங்கோ. இந்தக் கயிறு நைஞ்சுபோச்சு. வேறை வாங்கித் தாங்கோ" என்று கஸ்பர் அவரிடம் கேட்டார். ஒருதரமல்ல, பலதரம்.

"அடுத்த கிழமை பாப்பம்."

அடுத்த கிழமையும் வந்தது. கயிறு வரவில்லை.

அன்று அந்தக் கயிறுதான் அறுந்தது. யாக்கோப்பு முழுப்பலத்தோடு இழுத்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பாரம் திடீரென்று இல்லாமற் போனது. மல்லாக்க விழுந்தான். கப்பல் முழுவதும் ஒருதரம் அதிர்ந்தது. பிறகு கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதன் போடுகிற சத்தமாக அது இருக்கவில்லை. யாக்கோப்பு எழும்பவேயில்லை. அறுந்த கயிற்றின் நுனியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி கிடந்தான். விட்டால் இன்னும் ஏதோ விழுந்துவிடும் என்று அந்தப் பாழாய்ப்போன கைகளுக்கு ஒரு நினைப்பு.

கஸ்பரின் வலது பாதத்தில் முன்பாதி போய்விட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ரை சப்பாத்தை ஆரும் மழையிலை நனையாமல் எடுத்து வைச்சியளோ?" என்பது. பக்கத்தில் அவருடைய மனைவி மேரிறோஸ். ஹீத்ரோ விமான நிலையத்தில் கழுவுகிற வேலை. ஷிப்ட் உடுப்போடேயே ஓடி வந்திருந்தாள். யாக்கோப்புவைப் பார்த்து அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"கயிறு நைஞ்சது எண்டு இவர் வீட்டிலை வந்து எத்தினை நாள் புறுபுறுத்தவர். நீயும் கேட்டனிதானே தம்பி? ஆரும் வந்து விசாரிச்சால் சொல்லுவாய்தானே?"

"ஓம் அக்கா" என்றான். சொன்னவனுக்கே அந்த ஓமில் நம்பிக்கை இருக்கவில்லை.

ஆனந்தராஜா அடுத்தநாளே துறைக்கு வந்தார். தேன் வற்றியிருந்தது. யாக்கோப்புவை மட்டும் பாய் தைக்கிற கொட்டிலுக்குப் பக்கமாகக் கூப்பிட்டார்.

"எவனோ அரசாங்கத்துக்குப் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டான். நாளைக்குக் காலமை விசாரிக்கிற அதிகாரி வாறான். கயிறு பிடிச்சது நீதானே? உன்னைத்தான் கேப்பான்."

"என்ன சொல்லவேணும்?"

"உண்மையைச் சொல்லு. சப்பாத்தைப் போடு எண்டு நாங்கள் சொன்னனாங்கள். கஸ்பர் தன்ரை எண்ணத்துக்குக் கழட்டினவர். கயிறு புதுசு. அவர் கட்டினது பிழை."

"கயிறு புதுசோ?"

"நாளைக்குப் புதுசாய் இருக்கும்."

"ஹார்க்கோட் சப்பாத்து வரிசையைப் படம் எடுத்தவர் அண்ணை. அழகு எண்டவர்."

"உனக்கு ஹோம் ஒபிசிலை அகதி வழக்குக் கிடக்கு. அனுமதியில்லாமல் வேலை செய்யிறாய். உன்ரை பெஞ்சாதி பிள்ளை எங்கை இருக்கினம் எண்டும் எனக்குத் தெரியும். அதையும் யோசி." சொல்லிவிட்டு அவன் தோளில் தட்டினார், தம்பிக்குப் புத்தி சொன்ன அண்ணனைப் போல.

எதிர்த்து ஒரு சொல் சொன்னால் மடுவில் இருக்கிற இரண்டு பேரும் இன்னும் எத்தனை வருசம் அங்கே கிடப்பார்களோ. சொல்லாமல் விட்டால் கஸ்பருக்கு நட்டஈடு என்ற பேச்சுக்கே இடமில்லை. அரைப்பாதத்தோடு அந்த மனிதன் எங்கே போவான்? கடவுளே, இதென்ன கேள்வியைக் கொண்டுவந்து தலையில் போட்டாய் என்று நொந்துபோய், யாக்கோப்பு கொட்டில் வாசலில் குந்தினான்.

கொட்டிலுக்குள் மொரீன் இருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரி. எலன் மேயின் செம்பழுப்புப் பாயைத் தைப்பது அவளுடைய வேலை. வாயைத் திறந்தால் முதலில் தூசணம், பிறகுதான் விசயம். குலசேகரமும் எட்வேட்டும் தேத்தண்ணிக்கு அங்கே வந்திருந்தார்கள். யாக்கோப்புவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் ஊசியைக் கீழே வைத்தாள். அரசாங்கத்துக்கு அறிவித்தது தான்தான் என்றாள்.

யாக்கோப்புவுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "உன்னை ஆர் கேட்டது? உனக்குப் பாஸ்போட் இருக்கு. கழுத்துப் போறது எங்களுக்கு!" என்று தமிழிலேயே கத்தினான். குலசேகரம் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னான். ஒரு சொல்லும் குறைக்கவில்லை. அவளுடைய முகம் சிவந்துபோனது. தான் அதை யோசிக்கவேயில்லை என்றாள். நீளமாய்க் கிடந்த பாயைச் சும்மா தடவிக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக ஏதோ சொல்லத் தொடங்கினாள். குலசேகரம் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான்.

"இவவின்ரை பாட்டன் இப்பிடிக் கப்பலிலை வேலைக்கு நிண்டவராம். கப்பல் கிழமைக்கணக்காய்க் கடலிலையே நிக்குமாம். பிடிச்ச மீனைப் பெட்டியிலை போட்டு, சின்ன வள்ளத்திலை ஏத்தி, நீராவிக் கப்பலுக்கு வலிச்சுக்கொண்டு போய்க் குடுக்கவேணும். லண்டன் சந்தைக்கு மீன் கெடாமல் வரவேணுமாம். எந்தக் கடும் கடலெண்டாலும் போகத்தான் வேணும். அப்பிடிப் போய்க் கவிண்டுதான் அந்த மனுசன் செத்தது. தொடைவரைக்கும் தோல் சப்பாத்து. தண்ணி நிரம்பினால் கல்லுக் கட்டினமாதிரித்தான்."

மொரீன் மூக்கைச் சிந்திவிட்டு இன்னும் ஏதோ சொன்னாள். குலசேகரம் உடனே மொழிபெயர்க்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா? சொல்லன்" என்றான் எட்வேட்.

"அந்தச் சாவு விசாரணையிலை அப்பத்தை முதலாளி சொன்னவனாம், சப்பாத்தைக் கழட்டாதது அந்தாளின்ரை பிழை எண்டு."

யாக்கோப்புவுக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சு எரிந்துகொண்டு வந்த சிரிப்பு.

"அப்ப கழட்டேல்லை எண்டு பிழை. இப்ப கழட்டினது பிழை. அப்ப என்னத்தைத்தானடா நாங்கள் செய்யிறது?"

"அந்தச் சப்பாத்தைப் போட்டிருந்தாலும் அண்ணையின்ரை கால் மிஞ்சியிருக்காது" என்றான் குலசேகரம். "சந்தையிலை வாங்கின பழஞ் சப்பாத்து. அந்தக் கட்டி அதையும் சேத்து நசிச்சிருக்கும். பிழை சப்பாத்திலை இல்லை."

மொரீன் எழும்பி, மடித்து வைத்த பாயின் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் அறுந்த கயிறு சுருண்டு கிடந்தது. குப்பைக்குள் போட்டிருந்தார்களாம். நைந்த நூல்கள் நுனியில் தாடியாகத் தொங்கின. யாக்கோப்பு அதைத் தொடவில்லை.

"எனக்குப் பயமாய்க் கிடக்கு" என்றான் வெளிப்படையாக.

"எங்களுக்கு மட்டும் பயமில்லையே?" என்றான் எட்வேட். "தனிய நீ சொன்னால் உன்னைத்தான் பிடிப்பினம். எல்லாரும் சொன்னால் எல்லாரையும் பிடிக்கட்டும். ஹவுன்ஸ்லோ வீட்டுவாடகையாவது மிச்சம்."

அந்தப் பகிடிக்கு யாரும் சிரிக்கவில்லை. ஆனால் யாரும் எழும்பிப் போகவுமில்லை.

மறுநாள் விடியற்காலை துறையில் பெட்டி பெட்டியாகப் புதுச் சப்பாத்துகள் இருந்தன. முன்னுக்கு இரும்பு வைத்த சப்பாத்துகள். கப்பியில் மஞ்சள் நிறப் புதுக்கயிறு தொங்கியது. கேட்டபோது வராத கயிறு, கால் போன பிறகு ஓடி வந்திருந்தது. ஹார்க்கோட் கம்பளி மேலங்கியோடு நின்றார். ஆனந்தராஜா பெட்டிகளைப் பிரித்துப் பிரித்து நீட்டினார்.

"கெதியாய்ப் போட்டுக்கொண்டு கப்பலிலை ஏறுங்கோ. இப்ப வந்திடுவான்."

யாக்கோப்பு ஒரு சோடியை வாங்கினான். புதுத்தோலின் மணம். காலுக்கு அளவாகவும் இருக்கும் போலிருந்தது. ஆனந்தராஜாவின் முகத்தில் தேன் திரும்பியது. யாக்கோப்பு அந்தச் சோடியைக் கொண்டுபோய்க் கரையில், வழக்கமான இடத்தில் வைத்தான். போட்டுவந்த பழைய சப்பாத்தையும், காலுறையையும் கழற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தான். உறைந்த சீமெந்துத் தரை உள்ளங்காலைச் சுட்டது. குளிரும் சுடும், பாருங்கள்.

எட்வேட் வந்தான். குலசேகரம் வந்தான். வரிசையின் தலைப்பில் மேரிறோஸ் கொடுத்துவிட்ட கஸ்பரின் சப்பாத்துகள். துடைத்துக் காயவைத்த இரண்டும். ஒருவரும் கப்பலில் ஏறவில்லை.

"என்ன கூத்து இது? ஏறுங்கோடா!" ஆனந்தராஜாவின் குரல் கீச்சிட்டது.

"உங்களுக்கு ஒண்டும் விளங்காதோ அண்ணை?" என்றான் எட்வேட். "இண்டைக்கு வேலை இல்லை."

"ஹோம் ஒபிசுக்கு நான் ஒரு சொல்லுச் சொன்னால்…"

"சொல்லுங்கோ" என்றான் குலசேகரம். "எங்களை வேலைக்குக் கூட்டிவந்தது ஆர் எண்டு நாங்களும் சொல்லுவம்."

கொட்டிலுக்குள்ளிருந்து மொரீன் வந்தாள். தோளில் அறுந்த கயிறு. அதை யாக்கோப்புவின் காலடியில் போட்டுவிட்டு, குனிந்து தன் சப்பாத்தின் முடிச்சோடு மல்லுக்கட்டத் தொடங்கினாள். முடிச்சு இறுகியிருந்தது. ஊரில் உள்ள தூசணம் எல்லாவற்றையும் அது வாங்கிக் கட்டிக்கொண்டது. வேண்டாம் என்று யாக்கோப்பு கையைக் காட்டினான். அவனுக்கும் சேர்த்து ஒரு தூசணம் விழுந்தது. கடைசியில் அவளும் வெறுங்காலோடு நிமிர்ந்தாள்.

துறை வாசற் படலைக்குள் ஒரு சின்னக் கார் நுழைந்தது. இறங்கிய அதிகாரி முதலில் ஹார்க்கோட்டைப் பார்த்தார். பிறகு சப்பாத்து வரிசையைப் பார்த்தார். பிறகு, நீலம் பாரித்துக்கொண்டிருந்த அத்தனை கால்களையும் பார்த்தார். ஹார்க்கோட் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். அதிகாரி கைகொடுத்தார்தான். அந்த மனிதன் யாருடைய ஆளென்று யாருக்குத் தெரியும்? நல்லவனாகவும் இருக்கலாம். இவர்களை விசாரித்து எழுதிக்கொண்டுபோய், நாளைக்கே விமானத்தில் ஏற்றிவிடுகிற ஆளாகவும் இருக்கலாம்.

விபத்தின்போது கயிறு பிடித்தது யார் என்று அவர் கேட்டார். குலசேகரம் மொழிபெயர்க்க வாயெடுத்தான். அந்த அளவு இங்கிலீஸ் யாக்கோப்புவுக்கு விளங்கும். மடுக்கோயில் முற்றத்து மரத்தடியில் நிற்கிற மகளின் முகம் வந்து போனது. ஒரு பக்கத்தில் எட்வேட்டின் தோள் முட்டியது. மறுபக்கத்தில் மொரீன் குளிரில் பல்லுக் கிட்ட நின்றாள்.

யாக்கோப்பு குனிந்து நைந்த கயிற்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"நான்தான்" என்றான். "இந்தக் கயிறுதான்."