நிமிர்ந்து நின்ற முத்திரை

அந்தச் சித்திரக்கதை கனாயே செரிசாவாவின் கையில் சிக்கியது, காசு போட்டுத் துணி துவைக்கும் கடையில். மழை பெய்த ஒரு ஞாயிறு. யாரோ கையால் வரைந்து, நகலெடுத்து, ஓரத்தில் பின் குத்தி வைத்திருந்த நாற்பது பக்கம். துணி சுற்றி முடிவதற்குள் படித்துவிடலாம் என்று எடுத்தாள்.

கதாநாயகி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். எந்தத் தாளானாலும், கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் தன் பெயர் முத்திரையை மேலாளரின் முத்திரைப் பக்கம் தலைசாய்த்துத்தான் குத்துவாள். அதுதான் மரியாதை; எல்லா அலுவலகத்திலும் நடக்கிற கூத்துதான். ஒருநாள், குனிந்து குனிந்து கழுத்து வலித்துப்போன முத்திரை தாளை விட்டு இறங்கி ஓடிவிடுகிறது. இவள் அலுவலகத்துக்குள் மட்டும் போடும் செருப்போடே துரத்துகிறாள். அது ரயிலேறிக் கடற்கரைக்குப் போய், சுட்ட கணவாய் வாங்கித் தின்கிறது. பொழுது சாய்ந்ததும் வேறு போக்கிடம் தெரியாமல், பழைய இடத்துக்கே வந்து குனிந்துகொள்கிறது.

கனாயே வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. கதையில் வரும் மேலாளர் வாயைத் திறக்குமுன் மூன்று தரம் செருமுகிறார். நகல் இயந்திரத்தின் தலையில் ஒரு கள்ளிச்செடி. சந்தேகமே இல்லை, அவளுடைய அலுவலகம்தான். பதினோரு வருடமாக அவளுக்கு மூச்சுமுட்டும் இடம். ராஜினாமாக் கடிதம் மூன்று வருடமாக இழுப்பறையில் கிடக்கிறது. கொடுக்கப் போகும்போதெல்லாம் மேலாளர் அன்பாக ஏதாவது சொல்லிவிடுவார். அவளும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வாரமே ஒரு பிரதி மேலாளர் தொகாஷியின் கைக்கும் போய்விட்டது. மனிதர் கொதித்துப்போனார். வரைந்தவருக்கு இனி இங்கே வேலை இல்லை என்றார். ‘இதை நான் வரையவில்லை’ என்று எழுதிய ஒரு தாளை, எல்லோரும் முத்திரை குத்தச் சொல்லிச் சுற்றுக்கு விட்டார்.

பக்கத்து இருக்கை யாசுய்யின் முத்திரை மற்றவற்றைவிடக் கூடுதலாகக் குனிந்து, ஏறக்குறைய விழுந்தே கிடந்தது. முத்திரை மை சிவப்பு. அவன் சுண்டுவிரலோரம் ஒட்டியிருந்ததோ படம் வரையும் கறுப்பு மை. வீட்டில் அவனுக்குக் கைக்குழந்தை வேறு. கனாயேவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அவளும் குத்தினாள். எடுத்துப் பார்த்தால், அவளுடையது மட்டும் நேராக நின்றது. வேண்டுமென்றே செய்தாளா என்றால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

தொகாஷி கூப்பிட்டு, மூன்று தரம் செருமினார்.

"என்னம்மா செரிசாவா, இது நேரா நிக்குது? அப்ப நீதான் வரைஞ்சியா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"கை தவறியிருக்கும். பக்கத்துலயே இன்னொண்ணு ஒழுங்கா குத்திடு. நானும் மறந்துடறேன்."

இந்தக் கருணைதான் பதினோரு வருடமாக அவளைக் கட்டிப்போட்டிருந்தது. யாசுய் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"வேணாம் சார். அது அப்படியே நிக்கட்டும்."

இழுப்பறையிலிருந்த கடிதத்தை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். தொகாஷிக்குச் செருமக்கூடத் தோன்றவில்லை.

ரயில் நிலையத்தில்தான் தன் காலைக் கவனித்தாள். அலுவலகச் செருப்பு. வெளியே போடும் காலணி அலுவலகத்திலேயே பெட்டியில் கிடந்தது. எடுக்கப் போனால், ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போ என்பார் தொகாஷி. உட்கார வேண்டிவரும்.

கடற்கரைக்குப் போகும் ரயில் வந்தது. செருப்போடு ஏறினாள்.